மக்குபந்தி

பத்திர ஆபீசுக்கு எதிர்வரிசையில், ஜூஸ் கடைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடை சபிஹாவுடையது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தமிழ் டைப் அடிப்பவள் செல்லக்கிளி. நாற்பத்து நாலு வயது, எட்டாம் வகுப்புப் படிப்பு, ஒரே ஒரு கெட்ட பழக்கம். கைக்கு வருகிற தாளையெல்லாம் படித்துவிடுவாள்.

மற்ற கடைகளில் தாளை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்ப்பார்கள், பச்சை பட்டனை அமுக்குவார்கள், முடிந்தது. செல்லக்கிளி கவிழ்ப்பதற்கு முன் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வாள். ஒருநாள் ஜாதகம் நகல் எடுக்க வந்த அம்மாவிடம், "பொண்ணுக்கு மூல நட்சத்திரமா? அதெல்லாம் இப்ப யாரும் பாக்குறதில்லம்மா" என்று ஆறுதல் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மா மூலத்தை மறைத்து வைத்திருந்தார். பக்கத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"அக்கா, ஒங்க வாயை ஒருநாள் லேமினேஷன் பண்ணிப்புடுவேன்" என்றாள் சபிஹா.

படிக்கிற பழக்கம் அவளுக்கு ஆட்டிலிருந்து வந்தது. பிறந்தது அய்யலூர்ப் பக்கம். அப்பாவுக்கு ஆட்டு வியாபாரம். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஆடுகளுக்கு வயிற்றுப் புழு கண்டு, அப்பா ஒரு பாட்டில் மருந்து வாங்கிவந்தார். பாட்டிலோடு ஒரு துண்டுத் தாள். வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். குட்டிகளுக்கு இரண்டு மில்லி, பெட்டைகளுக்கு எட்டு மில்லி, கிடாக்களுக்குப் பத்து மில்லி என்று சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள். "சினை ஆடுகளுக்குத் தவிர்க்கவும்."

"தவிர்க்கவும்னா என்னத்தா?"

"தெரியலப்பா."

"தவறாமக் குடுக்கணும்னு போட்ருப்பான். சினை ஆடுல்ல, சத்து வேணும்ல." அப்பா ஏற்கெனவே சினை ஆட்டின் வாயைப் பிளந்து பிடித்துவிட்டார்.

செல்லக்கிளி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அப்பா விரட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சிரைக்கக் கத்தினாள்: "மத்த எல்லாத்துக்கும் எத்தன மில்லின்னு போட்ருக்கான்ப்பா! இதுக்கு மட்டும் மில்லியே போடல. குடுக்கணும்னா அளவு சொல்லிருப்பான்ல?"

அப்பா கையில் எடுத்த குச்சியோடு நின்று யோசித்தார். பிறகு கால்நடை டாக்டரிடம் போய்க் கேட்டார். மருந்து இறங்கியிருந்தால் வயிற்றுக் குட்டி தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அடுத்த சந்தையில் ஆடு விலை பேசியதைவிட மகள் கதை பேசியதுதான் அதிகம். அவ்வளவு மெச்சியவர், எட்டாம் வகுப்புக்கு மேல் பஸ் ஏறிப் போகவேண்டும் என்றதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். அதை இப்போதும் அவள் சொல்லிக்காட்டுவது உண்டு.

பத்தொன்பது வயதில் திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் வேலுமணி காய்கறி ஏற்றும் மினி வேன் ஓட்டுபவன். ஒருமுறை அவன் கால் முறிந்து நாலு மாதம் வீட்டில் கிடந்தபோது, டைப் படித்துக்கொண்டு வேலைக்கு வந்தவள்தான். கால் சரியாகியும் வேலையை விடவில்லை. வேலையில் அவ்வளவு ருசி. ருசி டைப்பில் இல்லை, பத்திரங்களில் இருந்தது.

பத்திரத் தமிழ் வேறு தமிழ். ஷெயார், பாத்தியம், அனுபோகம், சுவாதீனம் என்று ஒரு வரிக்கு ஏழு வார்த்தை முறைத்துப் பார்க்கும். அகராதி வாங்கித் தருகிறேன் என்று சபிஹா சொன்னாள். செல்லக்கிளி வேண்டாம் என்றாள். அவளுக்கு ஒரு வழி இருந்தது.

"தெரியாத வார்த்தையும் கல்யாண வீட்ல தெரியாத ஆளும் ஒண்ணுதான் சபி. யாரு நீங்கன்னு நேரா போய்க் கேக்கக் கூடாது. யாரு பக்கத்துல ஒக்காந்துருக்காரு, யாரு அவருக்கு எந்திரிச்சு எடம் விடுறா, மொய் எழுதுற எடத்துக்குப் போறாரா, மொதப் பந்திக்குப் போறாரா. செத்த நேரம் பாத்தா தாய்மாமனா தண்டல்காரனான்னு தெரிஞ்சுபோகும்."

அப்படித்தான் அவள் பாஷாணத்தைப் பிடித்தாள். பழைய பத்திரங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். நிலத்தோடு சேர்ந்து "நிதி நிட்சேப ஜல தரு பாஷாண" இன்னும் என்னென்னவோ பாத்தியங்களும், அதாவது உரிமைகளும், வாங்குகிறவருக்கே என்று. முதல்தடவை டைப் அடித்தபோது பதறிவிட்டாள். "என்ன சபி, நெலம் வாங்குறவனுக்குப் பாஷாணம் தரணும்னு எழுதிருக்கு? பாஷாணம்னா வெஷம்ல?" இரண்டு நாள் அந்த வரி அவளைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. நிதி, நிட்சேபம் என்றால் புதையல். ஜலம் தண்ணீர். இரண்டும் நிலத்துக்குள் இருப்பவை. அப்படியானால் தருவும் 'கொடு' இல்லை, நிலத்தில் நிற்கிற மரம். புதையல், தண்ணீர், மரம் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடத்தில் விஷத்துக்கு என்ன வேலை? நிலத்தில் கிடக்கிற இன்னொன்றாகத்தான் இருக்க வேண்டும். கல்! மறுநாள் ஒரு வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். வக்கீல் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்.

எப்போதும் இப்படிப் பலிக்கும் என்றில்லை. அசையாச் சொத்தைக் குறிக்கிற ஸ்தாவர சொத்து என்றால் செடிகொடி என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தாள். மாடி வீட்டை ஸ்தாவரம் என்று எழுதிய பத்திரம் வந்தபோது, மாடித் தோட்டம் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டவள். நிலத்தை 'சுவாதீனம்' ஒப்படைத்தார், அதாவது கைவசம் கொடுத்தார், என்றதற்கு, அதுவரை அந்த நிலத்துக்குப் புத்தி பிசகியிருந்தது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு, பரிதாபப்பட்டாள். தப்பு தெரிய வரும்போது முதலில் சிரிப்பவளும் அவள்தான்.

இந்த வார்த்தைகளுக்கெல்லாம் சொந்தக்காரர் போல நடந்துகொண்டவர் ரைட்டர் மணிமாறன். ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. தாளில் கையால் எழுதிக்கொண்டு வருவார், செல்லக்கிளி டைப் அடித்துத் தருவாள். என்ன அர்த்தம் என்று கேட்டால் போதும், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"அது சட்டச் சொல்லும்மா. ஒனக்கு எதுக்கு? நீ எழுத்து விடாம அடி, அர்த்தம் என் பொறுப்பு."

அந்த 'ஒனக்கு எதுக்கு' அவளுக்குச் சுருக்கென்று குத்தும்.

ஆடி மாதம் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. மிஷினெல்லாம் ஓய்ந்து, சபிஹாவும் செல்லக்கிளியும் விசிறிக்கொண்டு டீ குடித்தார்கள்.

"ரைட்டர் சாருக்குத் தெரியாத வார்த்தையே இல்லையாக்கா?" என்றாள் சபிஹா.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. 'தெரியாது'ங்கிற வார்த்தை."

சொன்ன வாய் மூடுவதற்குள் யோசனை வந்துவிட்டது. பத்திரத்தில் நிலத்தின் நாலு பக்க எல்லையைச் சொல்கிற இடத்துக்குச் சக்குபந்தி என்று பெயர். செல்லக்கிளி வீணான ஜெராக்ஸ் தாளின் பின்புறம் அந்த வார்த்தையை எழுதி, முதல் எழுத்தை அடித்துவிட்டு அங்கே 'ம' போட்டாள். மக்குபந்தி. சபிஹாவுக்குப் புரையேறி டீ மூக்கால் வந்தது.

சாயங்காலம் மணிமாறன் வந்தார். செல்லக்கிளி முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரைட்டரண்ணே, ஒரு பழைய பத்திரத்துல மக்குபந்தின்னு வந்துச்சு. சக்குபந்தி தெரியும். இது என்னண்ணே?"

மணிமாறன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். சபிஹா மிஷினுக்குப் பின்னால் குனிந்து, இல்லாத பேப்பர் ஜாமை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மக்குபந்தியா? இப்ப யாரும் அதிகமா எழுதுறதில்ல" என்றார். "எல்லைக் கல்லு, வரப்பு எல்லாம் காலப்போக்குல மக்கிப்போயிரும். எது யாரோடதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாம நடுவுல ஒரு துண்டு நிக்கும். அதுக்குப் பேருதான் மக்குபந்தி. எங்க வாத்தியார் காலத்துல சர்வசாதாரணமா எழுதுவாங்க."

அவர் தெருவைத் தாண்டியதும் இருவரும் சிரித்த சிரிப்பில் ஜூஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் செல்லக்கிளிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பொய்தான், ஆனால் எவ்வளவு பொருத்தமான பொய். வார்த்தையை உடைத்து உள்ளே பார்த்து ஒரு அர்த்தத்தை எடுத்துவிட்டாரே மனுஷன்!

சிரிப்பு ஒரு மாதம்தான். ஆவணியில் ஆத்தூர்க்காரர்கள் ஒரு பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். அண்ணன் தம்பி சொத்து. அண்ணன் இறந்துபோக, அவர் மனைவி ஒச்சம்மாளும் தம்பி நல்லுசாமியும் தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இருவர் பங்குக்கும் நடுவே பழைய வரப்பு மழையில் கரைந்து, பத்தடி அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு. அதில் ஒரு புளியமரம். அது யாருக்கு என்று பேசப் பேச இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்ததால், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மணிமாறன் எழுதிக் கொண்டுவந்த தாளில் செல்லக்கிளி படித்தாள்: "இரு பாகங்களுக்கும் இடையில் வடக்கு தெற்காக உள்ள மக்குபந்தியும் அதில் நிற்கும் புளியமரம் ஒன்றும் நீங்கலாக..."

அவள் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றது.

"அண்ணே, இந்த வார்த்தை..."

"அடிம்மா, அடி. டோக்கன் பதினொண்ணரைக்கு. கட்சிக்காரங்க கைரேகை வைக்க நிக்கிறாங்க."

"இல்லண்ணே, மக்குபந்தின்னு..."

"நீதான ஞாபகப்படுத்துன! அத விடப் பொருத்தமான சொல்லு இதுக்குக் கிடையாது." பெருமையோடு சொன்னார்.

வாசலில் ஒச்சம்மாள் மஞ்சள் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். நல்லுசாமி மணி கேட்டுக்கொண்டிருந்தார். செல்லக்கிளி சபிஹாவைப் பார்த்தாள். சபிஹா கூரையைப் பார்த்தாள். செல்லக்கிளி டைப் அடித்துவிட்டாள். பதினொன்றே முக்காலுக்கு மக்குபந்தி அரசாங்க முத்திரையோடு பதிவாகிவிட்டது.

அதன்பிறகு ஆத்தூர் என்று பேச்சு வந்தாலே அவள் டைப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். வெள்ளை வேட்டிக்காரர் யாராவது வேகமாகப் படியேறினால் நல்லுசாமி என்று நினைத்து மிஷினுக்குப் பின்னால் ஒளிவாள். வேலுமணி ஆத்தூரிலிருந்து கத்தரிக்காய் ஏற்றி வந்த அன்று, "அங்க ஏதும் வெட்டுக்குத்துன்னு பேசிக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். "கத்தரிக்கா எடை போடுறதுக்கே அவங்களுக்கு நேரம் பத்தல, நீ வேற" என்றான் அவன். புரட்டாசி போனது, தீபாவளி போனது, பொங்கல் போனது. ஆனால் புளி பழுக்கிற மாதம் ஒன்று இருக்கிறதே.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜூஸ் கடை வாசலில் ஒச்சம்மாளும் நல்லுசாமியும் சேர்ந்து நின்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதைச் சபிஹாதான் முதலில் கண்டாள்.

"அக்கா. வந்துட்டாங்க. ரெண்டு பேரும். கையில பத்திரம்."

அந்த நேரம் மணிமாறனும் கடைக்குள் இருந்தார். செல்லக்கிளிக்கு அரை நிமிஷம் இருந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. மக்குபந்தின்னு ஒரு வார்த்தையே கிடையாது. நான் இட்டுக்கட்டினது."

மணிமாறன் சிரித்தார். "ஒனக்குத் தெரியாதும்மா. பழைய ஏட்டுல நானே பாத்துருக்கேன்."

"பாத்துருக்க முடியாதுண்ணே." அவள் ஒரு தாளை இழுத்துச் சக்குபந்தி என்று எழுதினாள். 'ச'வை அடித்தாள். 'ம' போட்டாள். தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

மணிமாறன் அதையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. சக்குபந்தியில் சக்கு என்று ஒரு பாதியும், மக்குபந்தியில் மக்கு என்று ஒரு பாதியும் இருப்பது அவருக்கு இப்போதுதான் தனித்தனியாகத் தெரிந்தது போலும். காது மடல் சிவந்தது.

"மக்கு," என்றார் மெதுவாக. "யாரச் சொன்ன?"

செல்லக்கிளி தாளை மடித்து மேஜைக்கு அடியில் தள்ளினாள். அதற்குள் படியில் ஒச்சம்மாள் ஏறிவிட்டாள்.

"ஏத்தா டைப்புக்காரி! இந்தப் பத்திரத்த ரெண்டு காப்பி போடு. ஒண்ணு பெருசாப் போடு, கண்ணு தெரியல." பின்னாலேயே நல்லுசாமி ஒரு பெரிய தூக்குப் பையை இறக்கிவைத்தார். அதிலிருந்து புளி வாசம் அடித்தது. "ரைட்டரையா, நீங்களும் இங்கனதான் இருக்கீகளா? நல்லதாப் போச்சு."

சண்டை போட வந்தவர்கள் புளி கொண்டுவர மாட்டார்கள். செல்லக்கிளி மெல்ல உட்கார்ந்தாள்.

நடந்ததை ஒச்சம்மாள்தான் சொன்னாள். போன வாரம் ஒரே நாள் காலையில் இரண்டு வீட்டாரும் மரம் உலுக்க ஆள் கூட்டிவந்துவிட்டார்கள். ஒரு பக்கம் ஏழு பேர் தொரட்டியோடு, மறு பக்கம் ஆறு பேர் தொரட்டியோடு. நடுவில் மரம்.

"இவுக, என் கொழுந்தனாரு, மரத்துல சாஞ்சு நிக்கிறாக. நான் மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். ஊரே வேடிக்கை பாக்குது. அப்பறம்தான் பத்திரத்த எடுத்தா வெளங்கிரும்னு மஞ்சப் பையை எடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிச்சா, மக்குபந்தின்னு எழுதிருக்கு. அது நீங்கலாகவாம். எனக்குப் புரியல. இவுகளுக்கும் புரியல."

"பந்தின்னா சாப்பாட்டுப் பந்தின்னு நான் சொன்னேன்" என்றார் நல்லுசாமி. "மதினிதான் இல்லன்னாக."

"பின்ன? புளியமரத்துக்கு அடியில எவன் பந்தி போடுவான்? நான் யோசிச்சேன். இந்தப் பக்கம் பூராம் எனக்குன்னு எழுதிருக்கு. அந்தப் பக்கம் பூராம் இவுகளுக்குன்னு எழுதிருக்கு. இத மட்டும் நீங்கலாகன்னு தள்ளி வச்சுருக்கு. எனக்கும் இல்ல, இவுகளுக்கும் இல்ல. அப்ப வேற யாருக்கு? எங்களுக்கு அடுத்து யாரு இருக்கா? மக்கதான இருக்கு! என் பயலுக ரெண்டு, இவுக பொண்ணுக ரெண்டு. மக்களுக்கு விட்ட பந்தி. ரைட்டரையா படிச்சவுக, அதச் சுருக்கி மக்குபந்தின்னு எழுதிருக்காகன்னு சொன்னேன். அங்க நின்ன அம்புட்டுப் பேரும் ஆமா ஆமான்னுட்டாக."

மரத்தை இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து உலுக்கினார்களாம். புளியை நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்காகப் பிரித்தார்களாம். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கிற பையன் பேருக்குக்கூட ஒரு மூட்டைப் புளி பஸ்ஸில் ஏற்றி அனுப்பி, அவன் அதை என்ன செய்வது என்று தெரியாமல் தினம் போன் பண்ணுகிறானாம்.

"இப்ப எங்களுக்குத் தெக்க இருக்கவுகளும் ஒரு மக்குபந்தி வேணுங்கிறாக" என்றார் நல்லுசாமி. "அவுக அண்ணந்தம்பிக்குள்ளயும் ஒரு கிணத்து மேடு கெடக்கு. காப்பி அதுக்குத்தான். பாத்துட்டு வருவாக உங்ககிட்ட."

செல்லக்கிளி பத்திரத்தை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தாள். முதலில் ஒருத்திக்கு, அடுத்து ஒருவருக்கு, பிறகு இருவருக்கும் இல்லாத ஒன்று. ஒச்சம்மாள் சொன்னதைத் தவிர அந்த இடத்தில் வேறு எந்த அர்த்தமும் உட்காராது என்று அவளுக்கே தோன்றியது. அந்த வார்த்தையைப் பெற்றவள் அவள்தான், ஆனாலும் இன்றைக்குத்தான் அதன் அர்த்தம் தெரிகிறது.

மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். "ஆத்தா, கோவிச்சுக்காதீக. அது உண்மையான வார்த்தை இல்ல. வெளையாட்டுக்கு நானாக் கட்டுன வார்த்தை."

ஒச்சம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? ஒனக்கு அம்புட்டு அறிவு இருந்தா ஏன்த்தா இங்கன ஒக்காந்து தட்டிக்கிட்டிருக்க?"

சபிஹா மறுபடியும் பேப்பர் ஜாம் எடுக்கக் குனிந்தாள்.

மணிமாறன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒச்சம்மாளிடம் சொன்னார்: "அம்மா, அந்தப் புள்ள சொல்றது நெசம். அது சட்டத்துல இல்லாத சொல்லு. எழுதுனது என் தப்பு. நாளைக்கு ஏதும் வம்பு வரக் கூடாது. ஒரு பிழைதிருத்தல் பத்திரம் போட்டு அந்த வார்த்தைய எடுத்துருவோம்."

"எடுக்கவா?" ஒச்சம்மாள் பத்திரத்தைப் பறித்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அத எடுத்தா மறுபடியும் மரம் யாருக்குன்னு இவுக கேப்பாக. நான் கேப்பேன். திரும்பத் தொரட்டியைத் தூக்கணுமா? ஊருல அம்புட்டுப் பேருக்கும் அர்த்தம் தெரிஞ்ச வார்த்தைங்கய்யா. உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியல போல."

நல்லுசாமியும் தலையாட்டினார். பத்து வருஷத்தில் மதினியும் கொழுந்தனும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

முடிவில் மணிமாறன் வழி கண்டார். அடுத்த வாரம் பிழைதிருத்தல் பத்திரம் எழுதப்பட்டது. அதில் வார்த்தை அப்படியே இருந்தது. கூடவே ஒரு வரி சேர்ந்தது: மக்குபந்தி என்பது இரு குடும்பத்து மக்களுக்கும் பொதுவில் விடப்பட்ட இடம் என்று பொருள்படும். அந்த வரியைச் செல்லக்கிளி ஒரு எழுத்து விடாமல் அடித்தாள். பதிவு செய்யும் அம்மா படித்துப் பார்த்து, "இது எந்த ஊர் வழக்கு?" என்று கேட்டதாகவும், ஒச்சம்மாள் முந்திக்கொண்டு "எங்க ஆத்தூரு வழக்குத்தான் தாயி" என்றதாகவும் கேள்வி. தெற்கே இருப்பவர்கள் வந்தபோது மட்டும் மணிமாறன் அந்த வார்த்தையை எழுத மறுத்து, 'பொது இடம்' என்றே எழுதிக் கொடுத்தார். அவர்களுக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை.

செல்லக்கிளியோடு அவர் பேசவில்லை. டைப் வேலையை எல்லாம் நாலு கடை தள்ளி வேறொரு இடத்தில் கொடுத்தார். பத்தொன்பது நாள். தெருவில் எதிரே வந்தால், பாக்கெட்டில் பேனாக்களை எண்ணிக்கொண்டே கடந்துபோனார். செல்லக்கிளிக்கு உள்ளுக்குள் அரித்தது. சபிஹா மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். "அதுல என்னக்கா கஷ்டம், ஒங்களுக்கு வராத தமிழா?" எழுத உட்கார்ந்தாள். 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி அடித்தாள், 'அன்புள்ள' என்று தொடங்கி அடித்தாள். பிறகு அது எதுவும் வேண்டாம் என்று, ஜூஸ் கடையிலிருந்து ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கி அவர் மேஜையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரை மட்டும் திருப்பி அனுப்பினார்.

இருபதாம் நாள் காலையில் படியேறி வந்தார். முகம் கொடுத்துப் பேசாமல் மேஜையில் தாள்களை வைத்தார்.

"அந்தக் கடைல எழுதுனத எழுதுனபடியே அடிக்கிறாங்க" என்றார் கடுகடுவென்று. "ஒரு எடத்துல கிழக்கில்னு எழுதுறதுக்குப் பதிலா கிழவியில்னு எழுதிட்டேன். கிழவியில் உள்ள வேப்பமரம்னு அடிச்சு வச்சிருக்கான். கேக்க வேண்டாமா?"

"கேக்கணும்ண்ணே" என்றாள் செல்லக்கிளி. சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதச் செத்தப் பாரு." ஒரு பழைய பத்திரத்தின் நகலை நீட்டினார். பழனிப் பக்கம், தொப்பம்பட்டிக்காரர் ஒருவரின் தாத்தா காலத்துப் பத்திரம். "இந்தக் கிணத்துப் பாத்தியத்தப் புதுப் பத்திரத்துல ஏத்தணும். இந்த வார்த்தை ஒட்டலியே."

செல்லக்கிளி படித்தாள். "மேற்படி கிணற்றில் நாலில் ஒரு பங்கு கவலையும்." நிமிர்ந்து பார்த்தாள். "கால் பங்கு கவலையா? இந்த மனுஷன் குடுத்துவச்சவர்ண்ணே. எங்க வீட்ல முழுசும் எனக்கே எழுதி வச்சிருக்காக."

மணிமாறன் சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எழுதுனவன் தப்பா எழுதிட்டானோ?"

"இருங்க. ஒருதடவ எழுதிருந்தா தப்பு. இங்க மூணு எடத்துல வருது, மூணுலயும் கிணத்துக்குப் பக்கத்துலயே ஒக்காந்துருக்கு. இது மனசுல வர்ற கவலை இல்ல." விரலை வரி வரியாக நகர்த்தினாள். "இங்க பாருங்க. 'கவலை மாடு நடக்கும் தடமும்.' மாடு நடக்குது. கிணறு இருக்கு. அடுத்த வரில வாய்க்கால்."

"மாடு பின்னால நடக்குமா, முன்னால நடக்குமா, போட்ருக்கா?"

"அது எதுக்குண்ணே?"

"முன்னும் பின்னும் நடந்தா..." மணிமாறன் மேஜையைத் தட்டினார். "கமலை! மாடு கட்டித் தண்ணி எறைக்கிறது. நம்ம பக்கம் கமலைங்கிறோம்ல? அந்தப் பக்கம் கவலைன்னு சொல்வாங்களா இருக்கும்."

"இருக்கும்தான். ஆனா கேட்டுக்குவோம்ண்ணே." அவள் வாசலில் காத்திருந்த தொப்பம்பட்டிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவள் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"கவலைங்களா? தண்ணி எறைக்கறதுங்க. எங்கய்யன் எறச்சதைப் பாத்திருக்கறனுங்க நானு. ஏனுங்க, இதுக்குத்தான் ரெண்டு பேரும் இத்தன நேரம் இதையே உத்துப் பாத்துட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க" என்றார் மணிமாறன்.

செல்லக்கிளி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தாள். 'கவலை' என்று அடித்து, பக்கத்தில் 'அதாவது கமலை' என்று சேர்க்கட்டுமா என்று கேட்டாள். சேர் என்றார் அவர்.